மாடி ஏறாத வைஃபை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டு இணையம் பற்றி வந்த கடிதங்களில், மாடி வீடுகளில் சிக்னல் கிடைக்காதது குறித்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: எங்களுடையது தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் உள்ள வீடு. ஃபைபர் பெட்டியை முன்ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் திட்டம். முதல் மாடியில் மகள் பேசும் வீடியோ அழைப்பு நின்று நின்று வருகிறது. இரண்டாம் மாடியில் ஒன்றுமே இல்லை. ஆறு ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். ஆன்டெனா ஆறானாலும் பத்தானாலும் நடுவில் இருக்கும் காங்கிரீட் தளம் அப்படியேதான் இருக்கும். நம் வீடுகளின் ஸ்லாப் ஐந்து, ஆறு அங்குலக் கனம். உள்ளே கம்பி வலை. பீம் வரும் இடங்களில் கம்பி இன்னும் நெருக்கம். ஒரு ஸ்லாப்பைக் கடக்கும்போது சிக்னல் ஏறத்தாழ 10 முதல் 20 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்கு மிச்சம். 20 குறைந்தால் நூற்றில் ஒரு பங்கு. இரண்டாம் மாடிக்கு இரண்டு ஸ்லாப். முன்ஹாலிலிருந்து பின்பக்க அறைக்குச் சாய்வாகப் போகிற சிக்னல் நேராகக் குத்திச் செல்வதைவிட அதிகக் காங்கிரீட்டைக் கடக்க வேண்டியிருக்கும். வழியில் செங்கல் சுவர்களும் சேர்ந்துகொள்ளும்.

பெரிய ரவுட்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இணையம் இருவழிப் பேச்சு. ரவுட்டர் உரக்கப் பேசினால் போன் கேட்டுக்கொள்ளும். போன் திருப்பிச் சொல்வது ரவுட்டருக்குக் கேட்க வேண்டாமா? போனின் ஒலிபரப்புத் திறன் சிறியது, அது மாறப்போவதில்லை. கோடுகள் நிறையத் தெரிந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் செலவழிக்கும் முன் அளந்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் சிக்னலை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு தாங்கும். மைனஸ் 70-ஐத் தாண்டினால் திணறும். மைனஸ் 80 பயன்படாது. ஒவ்வோர் அறையிலும் கட்டில், மேசை என்று நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, வைஃபையின் இரு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மடிக்கணினியை ஃபைபர் பெட்டியில் கேபிளால் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். அங்கேயே 100-ஐ ஒட்டி வரவில்லை என்றால் கோளாறு வைஃபையில் இல்லை. இணைப்பு தருபவரைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்தது, செலவில்லாத திருத்தங்கள். பெட்டி டிவிக்குப் பின்னாலோ, இரும்பு பீரோ, ஃப்ரிட்ஜ், மீன்தொட்டி, பெரிய நிலைக்கண்ணாடி இவற்றின் பக்கத்திலோ இருந்தால் நகர்த்துங்கள். இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் சிக்னலைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சிவிடும். ஆன்டெனா வெளியே தெரிகிற பெட்டியானால், நிமிர்த்தி வைத்த ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாகப் பரப்பும். அதன் நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவு. எனவே ஒன்றை நிமிர்த்தியும் இன்னொன்றைப் படுக்கையாகவும் வையுங்கள். மாடிக்குக் கொஞ்சம் கூடும். அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

முன்ஹாலைவிட மாடிப்படிக்குப் பக்கம் நல்ல இடம். வீட்டில் ஸ்லாப் இல்லாத ஒரே ஓட்டை படிக்கட்டுக் கூண்டுதான். சிக்னல் அதன் வழியே மேலேறும். ஃபைபர் பெட்டியை அங்கே மாற்றித்தரும்படி இணைப்பு தந்தவரிடம் கேளுங்கள். நீங்களாக ஃபைபரை வெட்டவோ இழுக்கவோ வேண்டாம். அதை ஒட்டுவதற்குத் தனி இயந்திரம் வேண்டும். பச்சைத் தலை வைத்த அந்த மெல்லிய கேபிளைச் சுருட்டி வைப்பதாக இருந்தாலும் வளையம் உள்ளங்கை அகலத்துக்குக் குறையக் கூடாது. இறுக்கி மடித்தால் ஒளி கசிந்து பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.

இவ்வளவுக்குப் பிறகு முதல் மாடி தேறலாம். இரண்டாம் மாடி தேறாது. அதற்கு ஒரே நிலையான வழி, கேபிளை மேலே கொண்டுபோய் மாடிக்கு ஒரு அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி) வைப்பது. சுவரைச் சிக்னல் கடக்கட்டும். ஸ்லாப்பைக் கம்பி கடக்கட்டும். இந்தக் கணக்கில்தான் மாடி வீட்டு வைஃபை நிற்கிறது.

கேபிளுக்கு வழி எங்கே என்று பாருங்கள். பழைய கேபிள் டிவிக்கோ டிஷ்ஷுக்கோ மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு ஒரு குழாய் இறங்கியிருக்கும். உள்ளே கிடக்கும் பழைய டிவி ஒயரின் நுனியில் புதிய கேபிளை டேப்பால் இறுகச் சுற்றிக் கட்டி, மறுமுனையிலிருந்து ஒருவர் இழுக்க, இங்கிருந்து ஒருவர் தள்ளிக்கொடுத்தால் வந்துவிடும். பழைய ஒயர் அசையவே இல்லை என்றால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். அறுந்தால் அந்தக் குழாயே பயன்படாமல் போகும். குழாய் இல்லாவிட்டால் படிக்கட்டு மூலையில் கேசிங் அடித்து ஏற்றலாம். மின்சார ஒயர் போகும் குழாயில் மட்டும் நுழைக்கவே கூடாது. 230 வோல்ட் ஒயரின் உறை தேய்ந்தால் அந்த மின்சாரம் உங்கள் கணினி வரை வந்துவிடும்.

கேட் 6 கேபிள், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். விலை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது வளைத்தால் சட்டென முறியும். தலை போடும்போது இரு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. ஒவ்வொரு மாடிக்கும் ஃபைபர் பெட்டியிலிருந்து தனித்தனிக் கேபிள் போவது நல்லது. முதல் மாடிக் கருவியிலிருந்து இரண்டாம் மாடிக்கு எடுத்தாலும் வேலை செய்யும். ஆனால் நடுவில் யாராவது சுவிட்சை அணைத்தால் மேலே இருப்பவர்களுக்கும் போய்விடும்.

கடைசியாக ஒன்று: ஃபைபர் பெட்டி, மாடிக் கருவிகள் எல்லாமே இன்வெர்ட்டர் லைனில் இருக்கட்டும். கீழே மட்டும் இன்வெர்ட்டரில் இருந்தால், கரண்ட் போனதும் மாடி இருட்டோடு இணையமும் போகும்.

கேள்வி: பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. முதல் மாடிக்குக் கேபிளும் இழுத்தாகிவிட்டது. இதையே அக்சஸ் பாயின்ட்டாக மாற்ற முடியுமா? மருமகன் ஒருமுறை முயன்றார். போனில் இணைகிறது, ஆனால் ‘இன்டர்நெட் இல்லை’ என்கிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முடியும். அந்தக் கோளாறுக்குக் காரணம் அநேகமாக டிஹெச்சிபி. வீட்டில் போன்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை இது. ஒரு வீட்டில் ஒரே பெட்டிதான் இதைச் செய்ய வேண்டும். உங்கள் பழைய ரவுட்டரும் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால், அதனிடம் வாங்கிய போன்கள் வெளியே போகிற வாசல் அதுவே என்று நம்பி நின்றுவிடும்.

முதலில் பழைய ரவுட்டரை வேறு எதனோடும் இணைக்காமல் மின்சாரம் மட்டும் கொடுத்து, பின்புறச் சிறு துளையில் குண்டூசியால் பத்து விநாடி அழுத்தி ரீசெட் செய்யுங்கள். அடியில் ஒட்டியுள்ள சீட்டில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. போனை அந்த ரவுட்டரின் வைஃபையில் இணைத்து, அந்த முகவரியை பிரவுசரில் தட்டி உள்ளே போனதும் ‘ஆபரேஷன் மோட்’ என்ற பக்கத்தில் ‘அக்சஸ் பாயின்ட்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டால் வேலை முடிந்தது.

இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும், இந்த வரிசையிலேயே. வைஃபை பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் கீழே உள்ள பெட்டியில் இருப்பது போலவே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். பிறகு லேன் (LAN) முகவரியை, அதாவது வீட்டுக்குள் அந்த ரவுட்டருக்கு உள்ள முகவரியை, மாற்றுங்கள். கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 என்று வைக்கலாம். ஆனால் கீழ்ப்பெட்டி போன்களுக்குக் கொடுக்கும் எண்களின் எல்லைக்குள் அந்த எண் வரக் கூடாது. கீழ்ப்பெட்டியில் அந்த எல்லையை 100 முதல் 200 வரை என்று சுருக்கிவிட்டால் கவலையில்லை. முகவரி மாறியதும் பக்கம் அறுந்துபோகும். புதிய முகவரியில் மறுபடி நுழைந்து, கடைசியாக டிஹெச்சிபியை அணையுங்கள். இதை முதலிலேயே அணைத்தால் உங்கள் போனுக்கே முகவரி கிடைக்காமல் உள்ளே நுழைய முடியாது.

கீழிருந்து வரும் கேபிளைப் பழைய ரவுட்டரின் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் வேன் (WAN) துளை, அதாவது வெளி இணையம் வருவதற்கான துளை, காலியாக இருக்கட்டும். வேன் துளையில் செருகினாலும் இணையம் வரும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் மாடி ஒரு தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடும். கீழே இருந்து அனுப்பினால் மாடிப் பிரின்டர் தெரியாது. போனில் ஓடுவதை இன்னொரு தளத்து டிவியில் போட முடியாது. (அக்சஸ் பாயின்ட் மோட் உள்ள கருவிகளில் மட்டும், கையேடு வேன் துளையைச் சொன்னால் அப்படியே செய்யலாம்.)

கருவிகள் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கிடாமல் இருக்க, சேனலையும் பிரித்துக்கொடுங்கள். 2.4-ல் தளத்துக்கு ஒன்றாக 1, 6, 11. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் கீழே 36, முதல் மாடிக்கு 149, அகலம் 80. இரண்டாம் மாடி இருந்தால் மறுபடி 36-ஐயே வைக்கலாம். நடுவில் இரண்டு ஸ்லாப் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவி. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரவுட்டர் அவற்றைப் பயன்படுத்தும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருந்து கேட்கும். ரேடார் தென்பட்டால் சொல்லாமல் கொள்ளாமல் சேனல் மாறும். வீட்டில் அதைத் தவிர்ப்பதே நிம்மதி.

கேள்வி: மாடி அறையில் ரிப்பீட்டர் மாட்டியிருக்கிறேன். சிக்னல் கோடு முழுதாகக் காட்டுகிறது. வேகம் மட்டும் 4, 5 எம்பிபிஎஸ். கருவி பழுதா?
– வாசகர், மதுரை

பதில்: கருவி நன்றாகவே இருக்கும், இடம்தான் தவறு. போன் காட்டும் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் இடையில் உள்ள சிக்னலின் வலுவைச் சொல்கின்றன. ரிப்பீட்டருக்கும் கீழே இருக்கும் பெட்டிக்கும் இடையில் என்ன நிலை என்று அவை சொல்வதில்லை. சிக்னல் இல்லாத அறையில் ரிப்பீட்டரை வைத்தால், இல்லாததை எங்கிருந்து எடுத்துத் தரும்?

ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு, போனை அதே பிளக் பக்கத்தில் வைத்துக் கீழ்ப்பெட்டியின் சிக்னலை அளந்து பாருங்கள். மைனஸ் 65-க்கு மோசமாக இருந்தால் அங்கே வைக்கக் கூடாது. படிக்கட்டு லேண்டிங்கில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் அதுதான் இடம். அப்படி வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பிக் கொடுக்கும் ரிப்பீட்டர் ஒவ்வொரு தகவலையும் காற்றில் இரண்டு முறை அனுப்புகிறது. வேகம் பாதியாவது அதன் இயல்பு. உங்கள் ரிப்பீட்டரின் அடியில் கேபிள் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீழிருந்து ஒரு கேபிள் கொண்டுவந்து செருகி, அதையே அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிடலாம். வாங்கிய காசு வீணாகாது.

கேள்வி: வாடகை வீடு, இரண்டு தளம். சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். மெஷ் சரியா?
– வாசகி, சென்னை

பதில்: சரி. மெஷ் என்பது கம்பியில்லாமல் தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக இயங்கும் கருவிகளின் தொகுப்பு. உங்கள் நிலைக்கு அதுதான் பொருத்தம். ஒன்றைக் கீழே படிக்கட்டு அடியிலும் மற்றதை மாடியில் படி முடியும் இடத்திலும் வையுங்கள். தூரத்துப் படுக்கையறைக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று நன்றாகக் கேட்பது முதல் தேவை, அறைகள் அடுத்தது. கருவிகள் தங்களுக்குள் பேசத் தனி அலைவரிசை வைத்திருக்கும் ட்ரைபேண்ட் வகை, ஸ்லாப் நடுவில் இருக்கும் வீட்டுக்குக் கூடுதல் விலைக்குத் தகும். மூன்று தளம் என்றால், கேபிள் இல்லாத மெஷ்ஷில் மூன்றாவது கருவி பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். வாங்கும்போது எல்லாக் கருவியிலும் கேபிள் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; நாளை சொந்த வீட்டுக்குப் போகும்போது அவற்றைக் கேபிளில் இணைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வாரம் முதல் தளத்துக்கு சென்ட்ரிங். இணையத்துக்காக இப்போதே என்ன போட்டு வைக்க வேண்டும்? எலெக்ட்ரீஷியன் ‘வைஃபை வந்த பிறகு ஒயர் எதுக்கு’ என்கிறார்.
– வாசகர், திருச்சி

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் சரியான நேரத்தில் வந்தது உங்களுடையதுதான். காங்கிரீட் போட்ட பிறகு எத்தனை பணம் கொடுத்தாலும் கிடைக்காத வசதி, இன்று சில நூறு அடி பிவிசி குழாயில் கிடைக்கும்.

படிக்கட்டுப் பக்கத்தில், தரைத்தளத்தில் ஓரிடத்தை இணைய மையமாக முடிவு செய்யுங்கள். ஒரு சிறு அலமாரி அளவு போதும். இரும்புக் கதவு வேண்டாம். அங்கே இன்வெர்ட்டர் லைனில் நான்கு பிளக் பாயின்ட். தெருப்பக்கச் சுவரிலிருந்து அந்த இடத்துக்கு ஃபைபருக்கென ஒரு 25 மில்லிமீட்டர் குழாய். அங்கிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ஒரு 25 மில்லிமீட்டர் குழாய் ஏறி, அந்தத் தளத்தின் நடுவில், ஹால் கூரையிலோ படிக்கட்டு ஹாலின் சுவரில் ஏழடி உயரத்திலோ ஒரு பெட்டியில் முடியட்டும். டிவி வரும் சுவர், படிக்கும் மேசை வரும் சுவர் இவற்றுக்கும் ஒவ்வொன்று. மொட்டை மாடிக்கும் ஒன்றை மறக்காதீர்கள். பின்னாளில் கேமராவுக்கும் சோலாருக்கும் உதவும்.

கேட் 6 கேபிள் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமன். 25 குழாயில் இரண்டு, மூன்று கேபிள் இலகுவாக ஓடும். 19 குழாயில் வளைவில் சிக்கும். எல்போ போடாமல் நீள்வளைவு பெண்ட் போடச் சொல்லுங்கள். ஒரு குழாயில் இரண்டு வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு பெட்டி வேண்டும். மின்சாரக் குழாய்க்கு இணையாகப் போகும் இடத்தில் ஓரடி தள்ளியும், கடக்கும் இடத்தில் நேர் குறுக்காகவும் போகட்டும். எல்லாக் குழாயிலும் இப்போதே இழுகம்பி விட்டு, இரு வாயையும் டேப்பால் அடைத்துவிடுங்கள். சென்ட்ரிங்கின்போது அடைக்காத குழாயில் சிமென்ட் பால் இறங்கிக் கல்லாகிவிடும். அது தெரிய வருவது பூச்சு வேலை முடிந்து கேபிள் இழுக்கும் நாளில்தான். காங்கிரீட் போடும் நாள் காலையில் ஒருமுறை நேரில் போய் ஒவ்வொரு வாயையும் பார்த்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையில் மாட்டும் அக்சஸ் பாயின்ட்டுக்குத் தனி பிளக் தேவையில்லை. பிஓஇ முறையில் அதே கேபிளிலேயே மின்சாரமும் போகும். கீழே மையத்தில் ஒரு பிஓஇ சுவிட்ச் (இணையத்தையும் மின்சாரத்தையும் பல கேபிள்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) இருந்தால் மூன்று தளத்துக்கும் போதும். இதற்கு அலுமினியக் கலப்புக் கேபிள் ஆகவே ஆகாது, சூடேறும். எலெக்ட்ரீஷியனிடம், வைஃபை வந்த பிறகுதான் இந்த ஒயர் தேவைப்படுகிறது என்று சொல்லுங்கள்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன். கேபிளில் சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை.
– வாசகர், சேலம்

பதில்: 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. வழியில் எங்கோ ஓரிடம் 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. ரவுட்டரின் துளைகள் 10/100 வகையா என்று பெட்டியில் பாருங்கள். கிகாபிட் என்றிருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட்டுக்கு எட்டு இழையும் வேண்டும். 100-க்கு நான்கு போதும். நீலம் அல்லது பழுப்பு இணையில் ஓர் இழை அறுந்திருந்தாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். தலையை வெட்டிப் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

கேள்வி: மின்சார பிளக்கில் செருகினால் வீட்டு ஒயரிங் வழியாகவே இணையம் போகும் கருவி பற்றிப் படித்தேன். நம் வீடுகளுக்கு ஆகுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பரிந்துரைக்க மாட்டோம். நம் மாடி வீடுகளில் பல மூன்று ஃபேஸ் இணைப்பு. கீழ்த்தளம் ஒரு ஃபேஸ், மாடி இன்னொன்று என்று பிரித்திருப்பார்கள். ஃபேஸ் மாறினால் இந்தக் கருவிகள் ஒன்றையொன்று கேட்பது அரிது. இன்வெர்ட்டர் லைன் பிரிந்திருந்தால் இன்னும் மோசம்.

கேள்வி: மூன்று தளத்திலும் அக்சஸ் பாயின்ட் வைத்தாயிற்று, ஒரே பெயர். ஆனால் மாடிக்குப் போன பிறகும் போன் கீழ்த்தளத்துச் சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மாறுகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான். பழைய சிக்னல் மிகவும் நைந்த பிறகே அது புதியதைத் தேடும். கீழ்த்தளத்துக் கருவி அளவுக்கு மீறி உரக்கப் பேசுவதால் போனுக்கு மாற மனம் வருவதில்லை. கருவிகளின் அமைப்பில் ‘டிரான்ஸ்மிட் பவர்’ என்ற இடத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸை ‘லோ’ அல்லது ‘மீடியம்’ ஆக்குங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அப்படியே இருக்கட்டும். ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போன் சீக்கிரம் மாற உதவும் ‘ஃபாஸ்ட் ரோமிங்’ இருந்தால் இயக்கிப் பாருங்கள். பழைய போன் ஏதாவது இணைய மறுத்தால் அணைத்துவிடுங்கள். 2.4-ஐ ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கேமரா, ஸ்மார்ட் பல்பு, வாஷிங் மெஷின் போன்ற பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 40 மீட்டரில் தனிக் கட்டடம், மாமனார் மாமியார் அங்கே இருக்கிறார்கள். கேட் 6 கேபிளைத் தென்னை மரத்தில் கட்டி இழுத்தோம். நன்றாக இருந்தது. ஐப்பசி மழையில் ஒரு இடி, இரண்டு பக்க ரவுட்டரும் போய்விட்டன.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: 100 மீட்டருக்குள் இருப்பதால் தூரத்தில் தவறில்லை, செம்பில்தான் தவறு. திறந்த வெளியில் போகும் செம்புக் கேபிள், பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலே மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு என்பதால் அந்த வேறுபாடும் இந்தக் கேபிள் வழியாகவே சமன்படப் பார்க்கும். புதிய ரவுட்டர்களை மறுபடி அதே கேபிளில் இணைக்காதீர்கள். வரும் ஐப்பசியிலும் இதே கதைதான்.

அந்த 40 மீட்டருக்கு ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. இரு முனையிலும் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஒவ்வொன்று வேண்டும். ஒற்றை இழை வகை வாங்கினால் ஏ ஒன்று, பி ஒன்று என ஜோடியாக வாங்குங்கள்; இரண்டும் ஏ என்றால் பேசிக்கொள்ளாது. வெளியில் இழுக்கும் ஃபைபரில் தாங்குவதற்கு ஒரு இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும் வகை உண்டு. அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி நறுக்கிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டும். இழைக்குத் தலை போட்டு ஒட்டும் வேலையை உள்ளூர் ஃபைபர் ஆட்களிடம் கொடுங்கள். மரத்தில் கட்டாதீர்கள், காற்றில் ஆடி ஆடி உறை தேயும். கம்பம் நட்டோ, மண்ணுக்கடியில் குழாய் போட்டோ கொண்டுபோகலாம்.